காலை இழந்த கணவர், நான்கு கடன்கள், முடியப்போகும் மெடிக்ளெய்ம்: எதை முதலில் கவனிப்பது?

கோவையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய கணவருக்கு வயது 43. இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். மாதச் சம்பளம் 38,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 20,000. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் சொந்த பைக்கில் கடைக்குப் போய்த் திரும்பும்போது வேன் மோதியதில் இடது காலை முழங்காலுக்கு மேல் அகற்ற வேண்டியதாயிற்று. இப்போது சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறார். நான்கு ஆண்டுகளாக வேலை செய்யும் நிறுவனம் ராஜினாமாக் கடிதம் கேட்கிறது. நிறுவனத்தின் குழுக் காப்பீடான 3 லட்சம் ரூபாய் மெடிக்ளெய்ம் வேலையோடு போய்விடும். வீட்டுக் கடனுக்கு மாதம் 14,500, தனிநபர் கடனுக்கு 9,800, கிரெடிட் கார்டில் 1,40,000 பாக்கி, 2,60,000 ரூபாய்க்கு நகைக் கடன். சகோதரி வீட்டில் தைத்துச் சம்பாதிப்பது மாதம் 14,000. மிச்சமிருக்கும் நகையையும் அடகு வைத்து இந்த மாதத் தவணைகளைக் கட்டிவிடலாமா என்பதுதான் அவர் கேட்பது.

இப்போது வேண்டாம் என்பது என் பதில். முப்பது ஆண்டுகள் வங்கியின் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் நிலையில் இருப்பவர்கள் கட்ட வேண்டிய பணத்தையே எண்ணிக்கொண்டிருந்து, தங்களுக்கு வரவேண்டிய பணத்தைக் கெடு தாண்ட விட்டுவிடுகிறார்கள். தவணை கேட்பவர் தினமும் தொலைபேசியில் அழைக்கிறார். இழப்பீடு தரவேண்டியவர் ஒருபோதும் அழைப்பதில்லை. ஆகவே, கடன்களுக்கு வருமுன் பீரோவில் இருக்கும் காகிதங்களுக்கு வருகிறேன்.

முதலில் பைக்கின் காப்பீட்டுப் பத்திரத்தை எடுங்கள். வண்டி கணவர் பெயரில் பதிவாகியிருந்து, விபத்தன்று அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்திருந்தால், அந்தப் பத்திரத்தில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அதன் எதிரில் 15,00,000 என்று அச்சிட்டிருக்கும். சில நூறு ரூபாய் பிரீமியத்தில் வரும் இதை வண்டிச் சேதத்துக்கான காப்பீடு என்றோ, இறந்தால் மட்டும் கிடைப்பது என்றோ பலரும் நினைத்துவிடுகிறார்கள். கை, கால், கண் இவற்றில் ஒன்றை இழந்தால் அந்தத் தொகையில் பாதி, இரண்டை இழந்தால் முழுத் தொகை என்பது அதன் நிபந்தனை. உங்கள் கணவருக்கு அது 7,50,000 ரூபாய். தவறு யாருடையது என்ற கேள்வி இதில் எழாது. மது அருந்தி ஓட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் உறுப்பு இழப்பு நேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உங்கள் விஷயத்தில் நிறைவேறியிருக்கிறது. நான்கு மாதம் தாமதமாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தவிர்க்க முடியாத தாமதத்தை மட்டும் காரணம் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் இந்த வாரமே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வங்கிப் பாஸ்புக். மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 20 ரூபாய் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தின் ஆண்டுப் பிரீமியம். ஒரு காலின் பயன்பாட்டை முழுமையாக இழந்தால் 1 லட்சம் ரூபாய் உண்டு. நான் பணியில் இருந்தபோது, கடனைத் தள்ளிவைக்கக் கேட்டு வந்த ஒருவரின் பாஸ்புக்கைப் புரட்டியபோது இந்த இருபது ரூபாய் கண்ணில் பட்டது. என்றைக்கோ கணக்குத் தொடங்கும்போது கையெழுத்துப் போட்டது அவருக்கே நினைவில்லை. சம்பளக் கணக்குகளோடு விபத்துக் காப்பீடு சேர்த்துத் தரும் வங்கிகளும் உண்டு. அதில் ஊனத்துக்கும் தொகை உண்டா, மரணத்துக்கு மட்டுமா என்பதைக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். எல்ஐசி பாலிசியின் விபத்து ரைடரை, அதாவது பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் விபத்துக் காப்பீட்டை, நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அது பெரும்பாலும் இரண்டு உறுப்புகளை இழந்தால்தான் செல்லும். வீட்டுக் கடன் வாங்கியபோது தலையில் கட்டிய ஒற்றைப் பிரீமியக் காப்பீடு ஏதாவது இருந்தால் அதன் ஷரத்துகளையும் படித்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தொடுக்க வேண்டிய மனு. 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில்தான் தொடுக்க வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் தொடுக்கலாம். கணக்கிடும் முறை தெரிந்தால்தான் அவசரச் சமரசத்துக்கு இணங்க மாட்டீர்கள் என்பதால் அதைச் சொல்கிறேன். ஆண்டு வருமானம் 4,56,000. 41 முதல் 45 வயது வரையானவர்களுக்கு அதை 14ஆல் பெருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை. மருத்துவச் சான்றில் உள்ள ஊன விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த ஊனம் அவர் செய்துவந்த தொழிலில் சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைத்தது என்று தீர்ப்பாயம் பார்க்கும். அது 50 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வருமான இழப்பு மட்டும் 31,92,000 வருகிறது. மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை, எதிர்கால வருமான உயர்வு எல்லாம் இதற்கு மேல். செயற்கைக் காலின் விலையோடு, அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் செலவையும் பராமரிப்புச் செலவையும் மனுவில் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காமல் விட்டால் பின்னால் அதற்காக மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். தீர்ப்பாயம் உங்கள் தரப்புத் தவறாகக் கண்டறியும் விழுக்காடு இதிலிருந்து கழியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவமனை வாசலிலேயே ஒரு தரகர் வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கிப்போனதாக எழுதியிருக்கிறீர்கள்; தொகையில் மூன்றில் ஒரு பங்கு பேச்சாம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் கழக விதிகளே தடை செய்கின்றன. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இனி ராஜினாமாக் கடிதம். மனிதவளப் பிரிவினர் தட்டச்சு செய்து அனுப்பிய கடிதத்தில் ‘தனிப்பட்ட காரணங்களால்’ என்று இருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த இரண்டு சொல்லுக்கு விலை உண்டு. பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியான பணி வேண்டும். ஆனால் மரணத்தாலோ ஊனத்தாலோ பணி முடிந்தால் அந்த ஐந்து ஆண்டு நிபந்தனை பொருந்தாது. உங்கள் கணவருக்கு நான்கு ஆண்டு என்பதால், ஊனத்தால் விலகுவதாக ஆவணம் இருந்தால் 20,000 ரூபாயை 26ஆல் வகுத்து 15ஆலும் 4ஆலும் பெருக்கிச் சுமார் 46,150 ரூபாய் கேட்கலாம். ‘தனிப்பட்ட காரணம்’ என்றால் கையை விரித்துவிடுவார்கள். வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திலும் இதே கதைதான். செய்துவந்த வேலை எதையும் செய்ய முடியாத அளவுக்கு நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டால், பத்து ஆண்டுப் பணி நிறைவு இல்லாமலே மாத ஓய்வூதியம் உண்டு; ஆனால் மருத்துவக் குழு அதை ஏற்க வேண்டும், கணக்கிடும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பதால் தொகையும் பெரிதாக இராது.

ஆகையால் இந்த ஓய்வூதியத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, வேலையைத் தக்கவைக்கவே முதலில் முயல வேண்டும் என்பது என் கருத்து. ஊனமுற்ற ஊழியரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்ற 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும்; தனியார் நிறுவனத்திடம் அதைக் காட்டி வாதாடிப் பயனில்லை. ஆனால் ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்பதும், நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ள பொதுவான கோட்பாடுகள். கிடங்குக் கணக்கு, தரப் பரிசோதனைப் பதிவேடு, கொள்முதல் என்று உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். 25,000 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிடைத்தாலும் அது மேலே சொன்ன ஓய்வூதியத்தைப் போலப் பல மடங்கு.

மருத்துவக் காப்பீட்டில் செய்யக் கூடாத ஒரே காரியம் இடைவெளி விடுவது. குழுக் காப்பீட்டில் இருப்பவர் அதிலிருந்து வெளியேறும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளக் கேட்கலாம். சில நோய்களுக்குப் பாலிசி தொடங்கிக் குறிப்பிட்ட காலம் வரை பணம் தர மாட்டார்கள்; அந்தக் காத்திருப்புக் காலத்தில் இதுவரை கழிந்ததும் கணக்கில் சேரும். வேலையை விட்ட பிறகு கேட்டால் புதியவராகத்தான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், எனவே கடைசி வேலை நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பே நிறுவனத்தின் வழியாக விண்ணப்பித்துவிடுங்கள். கால் இழப்பை மறைத்து வேறெங்காவது மலிவாக ஒரு பாலிசி வாங்கலாம் என்று முகவர் சொன்னாராம், கேட்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். மறைத்து வாங்கியது மோசடி என்று நிறுவப்பட்டால் எத்தனை ஆண்டு கழிந்தாலும் பாதுகாப்பு இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவக் காப்பீடு விற்கும் நிறுவனங்களுக்கு ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. கணவரைச் சேர்த்தால் குடும்ப பாலிசியின் பிரீமியம் ஏறுகிறது என்றால், அவருக்கு மாற்றிய தனிப் பாலிசியும், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குடும்ப பாலிசியுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை என்பது ஒரு சிறு ஆறுதல்.

பாலிசியில் மொத்தத் தொகைக்கு முன்பாக அறை வாடகை வரம்பைப் படியுங்கள். 3 லட்சத்தில் 1 விழுக்காடு என்றால் நாளொன்றுக்கு 3,000. நீங்கள் 5,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்கினால், கூடுதல் வாடகையான 10,000 மட்டும்தானே நம் கையிலிருந்து போகும் என்று தோன்றும். ஆனால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் 5,000க்கு 3,000 என்ற அதே விகிதத்தில் குறைக்கப்படும். அவை 2,00,000 வந்திருந்தால் 1,20,000தான் கிடைக்கும். மருந்துக்கும் உடலுக்குள் பொருத்தும் கருவிகளுக்கும் பரிசோதனைகளுக்கும் இந்த வெட்டு இல்லை. அடிப்படைப் பாலிசியைப் பெரிதாக்குவதைவிட, 3 லட்சத்துக்கு மேற்பட்ட செலவை ஏற்கும் சூப்பர் டாப்-அப் ஒன்றைச் சேர்ப்பது மிகவும் மலிவு. செயற்கைக் கால் போன்ற வெளிக் கருவிகளுக்குப் பல பாலிசிகளில் பணம் வராது.

அதற்கு வேறு வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருத்துவச் சான்று பெற்று யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 40 விழுக்காடு முதல் மஞ்சள் அட்டை, 80 முதல் நீல அட்டை. அது கையில் இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் செயற்கைக் கால், உதவித்தொகை, சுயதொழில் கடன் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் மனு கொடுக்கலாம். சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கை உறுப்புகள் செய்து பொருத்துகிறார்கள். கணவரின் சம்பளம் நின்றுவிட்டால் உங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,68,000 ஆகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வரம்பு 1,20,000. தையல் வருமானத்தில் நூல், மின்சாரம், துணைக்கு வைத்திருக்கும் பெண்ணின் கூலி எல்லாம் போக உண்மையில் நிற்பது எவ்வளவு என்று கணக்கெழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று கேளுங்கள். வரம்புக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வரிச் சலுகைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லாத நிலையில் அவற்றுக்கு நீங்கள் நேரம் செலவிட வேண்டாம்.

இப்போது கடன்கள். வீட்டுக் கடன் 14,500, தனிநபர் கடன் 9,800, கார்டின் குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு என்று வைத்தால் 7,000, நகை வட்டி 9 விழுக்காட்டில் 1,950: மொத்தம் 33,250. உங்கள் வருமானத்தில் இது முடியாது என்பதை வங்கி சொல்லுமுன் நீங்களே வங்கியிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டுவது மனித இயல்பு. கார்டு நிறுவனத்துக்கும் தனிநபர் கடன் கொடுத்தவருக்கும் பிணை எதுவும் இல்லாததால்தான் அவர்கள் அவ்வளவு சத்தம் போடுகிறார்கள். வீட்டுக் கடன் கொடுத்த வங்கி பேசாமல் இருக்கும். ஆனால் தவணை 90 நாள் தவறினால் வாராக் கடன், பிறகு 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதன்பின் நீதிமன்றம் போகாமலே வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். எனவே உணவுக்கும் காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் அடுத்த இடம் வீட்டுக் கடனுக்கு. மருத்துவச் சான்றை இணைத்து, தவணைக் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கும்படி கேளுங்கள். வருங்கால வைப்பு நிதியிலிருந்து மருத்துவக் காரணத்துக்காக எடுக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. அதை இந்தச் சில மாதத் தவணைக்கும் பிரீமியத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிதியை எந்தக் கடன்காரரும் ஜப்தி செய்ய முடியாது என்பதால், அதை எடுத்துத் தனிநபர் கடனில் போடுவது வேலிக்குள் இருக்கும் ஆட்டை நாமே அவிழ்த்துவிடுவது போலாகும்.

தனிநபர் கடனுக்கும் கார்டுக்கும் ஒன்றுமே கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு மாத அவகாசமோ குறைந்த தவணையோ கேட்டுக் கடிதம் கொடுங்கள். தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் தானியங்கிப் பற்று, கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் ஒவ்வொரு முறையும் அபராதம், சட்டப்படி காசோலை திரும்புவதைப் போலவே அதுவும் குற்றம். அதனால் தவணை நாளுக்கு முன்பே பேசிவிடுங்கள். கடன் இருக்கும் வங்கியிலேயே இழப்பீட்டுப் பணத்தையும் போட்டு வைத்தால், பாக்கிக்காக அவர்கள் அதிலிருந்து எடுத்து நேர்செய்துகொள்ள இடம் உண்டு. வேறு வங்கியில் கணக்குத் தொடங்குங்கள். வசூலிக்க வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மீறினால் வங்கிக்கு எழுதி, முப்பது நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ‘வீட்டுச் சாமானை அள்ளிப்போவோம்’ என்று ஒருவர் மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றமே ஜப்திக்கு உத்தரவிட்டாலும் உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தாலி, கைத்தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் இரண்டு தையல் இயந்திரங்களும் அந்தக் கடைசிச் சொல்லுக்குள் வரும்.

கடைசியாக, நீங்கள் கேட்ட நகை. கார்டுப் பாக்கி 1,40,000க்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி 4,900, அதன் மேல் ஜிஎஸ்டி 882. நீங்கள் 7,000 கட்டினால் அசலில் குறைவது 1,218 ரூபாய். நகையை அடகு வைத்து இந்த 7,000ஐ மாதாமாதம் கட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது. ஆனால் பைக் காப்பீட்டின் 7,50,000 கிடைப்பது தள்ளிப்போனால், மிச்ச நகையில் சில பவுனை வங்கியில் 9 அல்லது 10 விழுக்காட்டில் அடகு வைத்துக் கார்டை ஒரேயடியாக முடித்து, கணக்கையும் மூடி, பாக்கியில்லைச் சான்று வாங்கிவிடுவது கணக்குக்குச் சரியாக வரும். வட்டி நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. பணம் வந்ததும் முதலில் தனிநபர் கடன், பிறகு ஏலத் தேதி நெருங்கும் நகை என்ற வரிசையில் தீர்த்து, ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே வைத்துவிட்டு, மீதியை வீட்டுக் கடனில் கட்டுங்கள். தனிநபர் பெயரில் உள்ள, மாறும் வட்டியிலான வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. நாளைக் காலை கிளம்பும்போது பைக் பத்திரம், பதிவுச் சான்று, உரிமம், முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம் ஐந்துக்கும் மும்மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்; காப்பீட்டு அலுவலகம், சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஆட்சியர் அலுவலகம் மூன்றிலும் இவற்றைத்தான் கேட்பார்கள்.